குளியலறையில் சிறுத்தை

தேயிலைத் தோட்டக் குடியிருப்பில் ரெஜினாவின் குளியலறைக்குள் ஒரு சிறுத்தை நுழைந்துவிட்டது. அவள் கதவை வெளியே தாழிட்டு வனத்துறைக்குச் சொன்னாள். அவர்கள் வருவதற்கு முன்னால் டிவி நிருபரின் போன் வந்தது.

"எத்தனை பேரக் கடிச்சுது மேடம்?"

"யாரையும் கடிக்கல சார். ஜன்னல் வழியா பார்த்தேன். மூலையில ஒண்டிக்கிட்டு நடுங்குது."

கொஞ்ச நேரத்தில் வீட்டுக்கு வீடு டிவி அலறியது: 'குடியிருப்புக்குள் புகுந்து ஆட்கொல்லிச் சிறுத்தை வெறியாட்டம்!'

கடப்பாறைகளோடு கூட்டம் வந்தது. கதவை மறித்து நின்ற ரெஜினாவை இழுத்துத் தள்ளினார்கள்.

உள்ளே சத்தம் அடங்கியதும் பக்கத்து வீட்டு சகாயம் முழங்கைவரை ரத்தத்தோடு வெளியே வந்தான்.

"அக்கா, கை கழுவக் கொஞ்சம் தண்ணி."

"குழாய் உள்ளதான் இருக்கு" என்றாள் ரெஜினா.

அவன் உள்ளே போகாமல் கைகளை விரித்தபடி அங்கேயே நின்றான்.