கல்மரப் பூங்காவிலிருந்து ஒரு அழைப்பு

இந்த யுகத்தில் உலகமே கூப்பிடு தூரத்தில்தான் இருக்கிறது. விழுப்புரம் நெடுஞ்செழியன் திருவக்கரை கல்மரப் பூங்காவில் உட்கார்ந்து, வேப்பங்கிளையில் ஆன்டெனா ஒயரை மாட்டி, ஹாம் ரேடியோவில் மூன்று மணி நேரமாக அதைக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறார். “சிக்யூ, சிக்யூ, கேட்பவர் யாராயினும் பதில் தரவும்.” ஐந்து மணிக்குப் பூங்காவைப் பூட்டிவிடுவார்கள், அதற்குள் ஒருவரிடமாவது பேசினால்தான் இந்த இடம் ஹாம் கிளப்பின் பட்டியலில் அவர் பெயரில் ஏறும். பெட்டி எண்ணெய்ச் சட்டி போல இரைகிறது. கல்லாய்ப் போன மரங்கள்மேல் மஞ்சள் வெயில் சாய்கிறது. இடது கால் மரத்துவிட்டது. அதை நகர்த்தவும் அவருக்குத் தோன்றவில்லை. கூட்டிக்கொண்டிருந்த லூர்துமேரி துடைப்பத்தோடு நிற்கிறாள்.

“யாருகிட்ட சார் பேசிக்கினு இருக்கீங்க?”

“உலகத்துகிட்டம்மா.”

“அது இன்னா சொல்லுது?”

“ஒண்ணும் சொல்லல.”

“எங்க வூட்டுக்காரு மாதிரி” என்று சருகைத் தள்ளிக்கொண்டு போகிறாள். ஐந்துக்கு இரண்டு நிமிடம் இருக்கையில் இரைச்சலுக்குள்ளிருந்து ஒரு குரல் தெளிவாக வருகிறது. “சார், திண்டிவனத்துலேர்ந்து குமரேசன். மத்தியானத்துலேர்ந்து கேட்டுக்கினுதான் இருக்கேன். ரெக்கார்டு போட்டு உட்டுட்டீங்களோன்னு நெனச்சேன். ஆள் இருக்கீங்களா சார்?” நெடுஞ்செழியனின் கட்டைவிரல் தானாகவே பொத்தானை அழுத்துகிறது, வாயும் தானாகவே திறக்கிறது. “சிக்யூ, சிக்யூ, கேட்பவர் யாராயினும் பதில் தரவும்.”

“ரெக்கார்டுதான்” என்று யாரிடமோ சொல்லிவிட்டு, குமரேசன் ரேடியோவை அணைத்துவிடுகிறார்.