சம்பந்திக்கு வைத்திருந்த பன்றித்தொடை

“வாங்க சம்பந்தி, வாங்க, வாங்க!” என்று முற்றத்திலேயே அந்த மனிதரை இறுக்கிக் கட்டிக்கொண்டார் லுத்விக். பிடித்த பிடியில் வந்தவரின் மூக்குக்கண்ணாடி கழன்று விழப் பார்த்தது. கூட வந்த அம்மாளுக்கும் இரண்டு கன்னத்திலும் முத்தம் விழுந்தது.

அந்த அம்மாளுக்கு ஒரே சிரிப்பு. “எழுதியிருந்த மாதிரியே இருக்கீங்க! சொந்தக்காரங்களைப் பாத்த மாதிரி கட்டிப் பிடிப்பீங்கன்னு படிச்சோம். நாங்கதான் நம்பல” என்றார், தட்டுத் தடுமாறிய இத்தாலிய மொழியில்.

லுத்விக்குக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. மகள் நிவேஸ் தன்னைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுதிப் போட்டிருக்கிறாளே!

நேரில் அவள் அப்படிப் பேசுகிறவள் இல்லை. நேற்றுக்கூட போனில் பொரிந்து தள்ளினாள். “அப்பா, இதுக்கு முன்னாடி ரெண்டு பேர் உங்க வாய்க்குப் பயந்தே ஓடிட்டாங்க. இந்தச் சம்பந்தமும் கெட்டுச்சுன்னா நான் அவரோட பின்லாந்துக்கே போயிடுவேன். அப்புறம் நம்ம வீட்டுப் படி மிதிக்க மாட்டேன்!”

அவளுக்கும் அவளைக் கட்டிக்கொள்ளப் போகிறவனுக்கும் மலைக்குக் கீழே ட்ரியஸ்ட் நகரத்தில் ஒரே ஆஸ்பத்திரியில் வேலை, மதியம் வரை டியூட்டி. அவனுடைய அப்பா அம்மா ஓட்டலில் இருந்து தாங்களாகவே பஸ் பிடித்து மலையேறி வருவதாக ஏற்பாடு. “ரொம்பக் கூச்ச சுபாவம்ப்பா, அதிகம் பேச மாட்டாங்க. நீங்க வள்ளுனு விழாம இருந்தா போதும்” என்று சொல்லித்தான் போனை வைத்தாள்.

பேச மாட்டார்களாம்! நாற்காலியில் உட்காரும் முன்பே அந்த அம்மாள் ஆரம்பித்துவிட்டார். “எல்லாரும் வெனிஸ், வெனிஸ்னு ஓடுறாங்க. இவ்வளவு அழகான ட்ரியஸ்டை ஏன் யாரும் கண்டுக்கிறதே இல்ல? எங்களுக்கு ரெண்டு நாள் பத்தவே பத்தாது போல!”

லுத்விக் மனைவியின் காதைக் கடித்தார். “ஸோரா, பேச மாட்டாங்கன்னாளே உன் மக! எல்லாம் நான் வரவேத்த விதம்.”

“பெருமை அப்புறம் பேசலாம், முதல்ல முட்டையை உரிங்க” என்றாள் ஸோரா.

முட்டையோடு விடுவாரா? மகளின் நிச்சயதார்த்தத்துக்கென்று இரண்டு வருடமாக நிலவறையில் தொங்கிக்கொண்டிருந்த உப்புப் போட்டு உலர்த்திய பன்றித்தொடையைத் தோளில் சுமந்து கொண்டுவந்தார். ஊர்ப் பாதிரியார் ஜாடையாகக் கேட்டுப் பார்த்தும் ஒரு துண்டு கொடுக்காத தொடை அது. சம்பந்திக்கென்றால் கத்தி தானாகவே ஓடியது.

அந்த அம்மாள் கைப்பையிலிருந்து சின்னப் புத்தகம் ஒன்றை எடுத்துப் புரட்டி, “தெரான்... சிவப்பு ஒயின்... இருக்கா?” என்று எழுத்துக்கூட்டிக் கேட்டார்.

“நம்ம ஊரு ஒயின் பேரைப் படிச்சுட்டு வந்திருக்காங்கடி!” லுத்விக்குக்குக் கண் கலங்கிவிட்டது. இப்படி ஒரு சம்பந்தம் அமையக் கொடுத்து வைத்திருக்க வேண்டும்.

அந்த நேரம் பார்த்துத்தான் வாசல் கதவு கிரீச்சிட்டது. முதுகுப் பையும் வியர்வையுமாக வயதான ஆணும் பெண்ணும் எட்டிப் பார்த்தார்கள். லுத்விக்குக்குச் சுர்ரென்று ஏறியது.

அந்த மலைக் கிராமங்களில் திராட்சை போடுகிறவர்கள் வருடத்தில் சில வாரம் வீட்டு முற்றத்தையே கடையாக்கி, தங்கள் ஒயினும் இறைச்சியும் முட்டையும் விற்கலாம். லுத்விக் வீட்டு முறை நேற்றோடு முடிந்திருந்தது. ஆனாலும் காலையிலிருந்து யாராவது வந்தபடியே இருந்தார்கள், அவரும் விரட்டியபடியே இருந்தார்.

“மூடியாச்சு! இன்னிக்கு எங்க வீட்டு விசேஷம், கிளம்புங்க!”

இருவரும் மரம் மாதிரி நின்றார்கள். அந்த ஆள் தொப்பியைக் கழற்றிக்கொண்டு மெதுவாக, “நாங்க...” என்று இழுத்தார்.

“நீங்க யாரா இருந்தா எனக்கென்ன? நாயை அவுத்து விடவா?”

ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு இறங்கிப் போனார்கள்.

“ஏங்க, தெருமுனையில கட்டின இலைக்கொத்தை நேத்தே கழட்டச் சொன்னேனே, கழட்டினீங்களா?” என்றாள் ஸோரா. “அது தொங்கினா கடை திறந்திருக்குன்னுதானே வர்றவன் போறவன் எல்லாம் நுழைவான்?”

லுத்விக் தலையில் அடித்துக்கொண்டு ஓடிப்போய், கொத்தைப் பிய்த்தெறிந்துவிட்டு வந்தார்.

மூன்றாவது கோப்பையில் அவருக்கு மனசு திறந்துகொண்டது. “ஒரே பொண்ணு. எங்க தொலைதூரமா போயிடுவாளோன்னு ராத்திரி பூரா தூங்கல. உங்க பொண்ணு மாதிரி பாத்துக்குங்க” என்று அந்த மனிதரின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அவரும் புரிந்தும் புரியாமலும் தலையாட்டி முதுகைத் தடவிக் கொடுத்தார்.

கீழே வளைவில் நிவேஸின் கார் தெரிந்தது. முன்னால் அவளும் மாப்பிள்ளையும். பின் சீட்டில் இன்னும் இரண்டு தலைகள். நடந்து வந்த யாரையோ ஏற்றிக்கொண்டு வருகிறாள் போலும், இளகின மனசு.

“ஸோரா, இன்னிக்கு என் மக என்னைத் தலையில தூக்கி வெச்சு ஆடப் போறா பாரு!” என்று சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு எழுந்தார் லுத்விக்.

விருந்தாளியும் வாயைத் துடைத்துக்கொண்டு, பர்ஸை எடுத்தபடி எழுந்தார்.

“பிரமாதம் ஐயா! பில் எவ்வளவு ஆச்சு?”