அச்சு அசல்

“துப்பாக்கி ஒண்ணு வேணும். பிரிண்டர்லதான் அடிக்கணும்,” என்றார் தொப்பியும் மாஸ்க்குமாக வந்தவர், குரலைத் தாழ்த்தி.

3டி பிரிண்டரில் பிளாஸ்டிக் பொம்மையும் கீ-செயினும் அச்சடித்துத் தரும் கடைக்காரர் இரு கைகளையும் கூப்பினார்.

“ஐயா, ஆளை விடுங்க. ஏற்கெனவே ஒண்ணு அடிச்சு மாட்டிக்கிட்டு, இப்பதான் ஜாமீன்ல வந்திருக்கேன்.”

“அதே டிசைன்தான் வேணும். அதே கறுப்புக் கலர்.”

“என் மெஷினைத்தான் போலீஸ் தூக்கிட்டுப் போயிடுச்சே!”

“வெளியே வண்டியில இருக்கு. இறக்க ஒரு கை குடு.”

கடைக்காரர் எட்டிப் பார்த்தார். வாசலில் போலீஸ் ஜீப்.

மாஸ்க்கை இறக்கினார், அவரைக் கைது செய்த அதே இன்ஸ்பெக்டர்.

“நாளைக்கு உன் கேஸ் கோர்ட்டுக்கு வருது. நீ செஞ்ச துப்பாக்கியை ஜீப் டேஷ்போர்டுல வெச்சிருந்தேன்யா. வெயில்ல உருகி, கரண்டி மாதிரி ஆயிடுச்சு. ஜட்ஜ்கிட்ட எதைக் காட்டுவேன்?”

கடைக்காரருக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

“அப்ப நான் அடிச்சுத் தரலைன்னா, ஆதாரமே இல்ல. எனக்கு விடுதலைதானே சார்?”

இன்ஸ்பெக்டர் முறைத்தார்.

“விடுதலையா? தரமில்லாத துப்பாக்கி செஞ்சு ஜனங்களை ஏமாத்தினதா, மோசடி கேஸ்ல உள்ள தள்ளிடுவேன்!”