காற்றுப் பை

பை உப்பிக்கொண்டே வந்தது.

அடிவாரத்தில் நர்ஸ் அதை அளவாகத்தான் ஊதியிருந்தாள். ஜீப் மலை ஏற ஏற உள்ளிருந்த காற்று தானாகப் பெருத்தது. பன்னிரண்டாவது வளைவு தாண்டியபோது அது அவள் மடியில் விறைத்துக்கொண்டு நின்றது.

தடவிப் பார்த்தாள். ஒட்டு ஓரம் வெளுத்திருந்தது.

பயணத்தில் மடிக்கணினி அடிபடாமல் இருக்க விற்கிற பை. இரண்டு பிளாஸ்டிக் உறைகள், நடுவில் காற்று. அவளிடம் மடிக்கணினி இல்லை. பைக்குள் இருந்தது கைக்கு அடக்கமான ஒரு கருவி. கர்ப்பிணியின் வயிற்றில் வைத்தால் உள்ளே குழந்தையின் இதயம் துடிப்பது கேட்கும்.

முந்தைய கருவி இதே பாதையில் மடியிலிருந்து எகிறி விழுந்து உடைந்தது. அன்று போய்ச் சேர்ந்த வீட்டில், கர்ப்பிணியின் வயிற்றில் காதை வைத்துக் கேட்டாள். ஒன்றுமில்லை. தனக்குத்தான் கேட்கவில்லையா, உள்ளே சத்தமே இல்லையா என்று அவளால் சொல்ல முடியவில்லை.

அதற்குப் பிறகு இந்தப் பையைத் தன் காசில் வாங்கினாள்.

காலையில் செண்பகத்தின் கணவன் போன் செய்திருந்தான். ஒன்பதாம் மாதம். நேற்று மதியத்திலிருந்து அசைவு இல்லை.

உடனே கீழே ஆஸ்பத்திரிக்குக் கூட்டி வா என்றாள்.

வரமாட்டேன் என்கிறாள் என்றான்.

முதல் பிரசவத்துக்குச் செண்பகத்தைக் கீழேதான் கொண்டுபோனார்கள். வயிற்றில் தையலோடும், துணியில் சுற்றிய குழந்தையின் உடலோடும் திரும்பி வந்தாள்.

"செத்த புள்ளைக்கு இன்னொரு தடவ வயித்தக் கிழிச்சுக்க மாட்டேங்கிறா நர்சம்மா" என்றான்.

ஒட்டு இனித் தாங்காது. ஊதுகுழாயின் மூடியைத் திறந்து கொஞ்சம் காற்றை விட்டாள். அந்த நேரம் பார்த்துச் சக்கரம் பள்ளத்தில் இறங்கியது.

மூடி விரல்களிலிருந்து நழுவியது.

ஜீப்புக்குப் பக்கக் கதவு இல்லை. குனிந்து காலடியில் தேடினாள். இல்லை. எங்கோ பின்னால், மரங்களுக்குள் போயிருக்கும்.

பை இளகத் தொடங்கியது.

கட்டைவிரலால் குழாயை அழுத்தி அடைத்தாள்.

தார்ச்சாலை முடிந்தது. ஆம்புலன்ஸ் இதுவரைதான் வரும். இனி நான்கு கிலோமீட்டர் கல் பாதை.

டிரைவர் சடையன் கண்ணாடி வழியாக அவளைப் பார்த்தார்.

"மெதுவாப் போவட்டுமா நர்சம்மா? மிஷினு அடிபட்டுரும்."



மெதுவாகப் போனால் கருவி பிழைக்கும்.

"வேகமாவே போங்கண்ணே."

அவர் கியரை மாற்றினார்.

விரல் இடுக்கில் காற்று கசிந்தது. குழாயை வாயில் வைத்து ஊதினாள். ஜீப் எகிறியது. குழாய் ஈறில் குத்தியது. மறுபடி ஊதினாள். அடைத்தாள். ஊதினாள். பையை இரண்டு முழங்கைகளாலும் நெஞ்சோடு சேர்த்துக்கொண்டாள். தலை கம்பியில் இடித்தது. அதைப் பிடித்துக்கொள்ளக் கை இல்லை.

குழாயின் முனை சிவந்திருந்தது.

துடைக்காமல் ஊதினாள்.

வீட்டு வாசலில் கணவன் நின்றிருந்தான். எதுவும் கேட்காமல் வழிவிட்டான்.

செண்பகம் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள்.

"தொட்டுப் பாத்துட்டுப் போங்க. எங்கயும் வரல."

மெல்லப் புரண்டு மல்லாந்தாள். பழைய தழும்பு வெளிறித் தெரிந்தது.

நர்ஸ் பையிலிருந்து கருவியை உருவி எடுத்தாள். பொத்தானை அழுத்தினாள்.

விளக்கு எரியவில்லை.

பின்மூடியைத் திறந்தாள். ஒரு பேட்டரி இடம் மாறிக் கிடந்தது. கட்டைவிரல் மரத்துப்போயிருந்ததால் அதைச் சரியாக வைக்க மூன்று தடவை ஆனது.

பச்சை விளக்கு.

களிம்பைத் தடவி, கருவியை வயிற்றில் அழுத்தினாள்.

இரைச்சல். வெறும் இரைச்சல்.

கொஞ்சம் இடப்பக்கம். இன்னும் கீழே.

துடிப்பு கேட்டது.

கணவன் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டான். அவள் அவனைப் பார்க்கவில்லை. செண்பகத்தின் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தாள். கருவியின் துடிப்பும் நாடியும் சேர்ந்தே விழுந்தன.

தாயின் ரத்தக்குழாய்.

"இது இல்ல" என்றாள்.



கருவியை நகர்த்தினாள். தொப்புளைச் சுற்றி. தழும்பின் ஓரமாக. வலப்பக்கம், விலாவுக்குக் கீழே. மறுபடி இரைச்சல். தன் மூச்சே இடைஞ்சலாக இருந்தது. நிறுத்திக்கொண்டாள்.

அழுத்தத்தைக் குறைத்து, முனையை மட்டும் சாய்த்தாள்.

தூரத்தில் எதுவோ.

அசையாமல் பிடித்திருந்தாள். இரைச்சலுக்கு அடியிலிருந்து அது மெல்ல மேலே வந்தது. மங்கலாக, ஓட்டமாக.

செண்பகம் கண்ணைத் திறந்தாள்.

"இதுவும் என்னுதுதான்."

"நீயே பாரு."

அவள் செண்பகத்தின் வலது கையை எடுத்து, விரல்களை அவளுடைய இடது மணிக்கட்டிலேயே வைத்து அழுத்தினாள்.

செண்பகம் விரல்களுக்கடியில் துடித்த தன் நாடியை எண்ணினாள். உதடுகள் அசைந்தன. கருவியின் சத்தம் அவள் எண்ணிக்கையோடு நிற்காமல் முன்னே போய்க்கொண்டிருந்தது. மீண்டும் முதலிலிருந்து எண்ணினாள். அது மீண்டும் முந்தியது.

மூன்றாவது முறை எண்ணவில்லை.

மணிக்கட்டிலிருந்து விரல்களை எடுக்காமல், வாசல் பக்கம் முகத்தைத் திருப்பினாள்.

"ஜீப்பத் திருப்பி நிறுத்தச் சொல்லுங்க."