மிதிக்கிற ஆள்

பொங்கலுக்கும் வரவில்லை என்று அவன் சொல்லி முடித்துவிட்டான்.

பரீட்சை. பகுதிநேர வேலை. விசா. காரணங்கள் எல்லாம் உண்மையானவை. வரிசையாகச் சொன்னபோதுதான் பொய் போல இருந்தன.

போனில் அப்பா ஸ்பேனர்களை ஒவ்வொன்றாகத் தட்டில் போடும் சத்தம் மட்டும் வந்தது.

"பரவால்லடா. பிரேக்குக்கு ஆள் கெடச்சுட்டான்."

அவன் ஜெர்மனியில், ஹாஸ்டல் சமையலறையில், கையில் கரண்டியோடு நின்றான். அப்பா மன்னார்குடியில், வீட்டுக்குப் பின்னால் தகர ஷெட்டில் இருந்தார். அவர் பக்கத்தில் ஒரு பழைய ஃபியட், ஜாக்கி மேல்.

அந்த வீட்டில் அப்பா மட்டும்தான்.

காரை வாங்கியபோது அதில் ஒரு கோழி குடும்பத்தோடு இருந்தது. கோழியைக் காலி செய்த நாளிலிருந்து, ஒவ்வொரு லீவிலும் இரண்டு பேரும் சேர்ந்து கழற்றினார்கள். பிறகு சேர்ந்து மாட்டினார்கள். மிஞ்சிய நட்டுகளைப் பற்றி இரண்டு பேருமே பேசிக்கொள்ளவில்லை.

அவன் கிளம்பி வந்தபிறகு மற்றதையெல்லாம் அப்பா தனியாகவே முடித்துவிட்டார். பெயிண்ட் உட்பட.

பிரேக் மட்டும் மிச்சம்.

பிரேக் குழாயில் புகுந்த காற்றை எடுக்க இரண்டு பேர் வேண்டும். ஒருத்தர் சீட்டில் உட்கார்ந்து பெடலை மிதித்துப் பிடிக்க வேண்டும். இன்னொருத்தர் சக்கரத்துக்குப் பக்கத்தில் படுத்து, திருகைத் தளர்த்த வேண்டும்.

அப்பா இதை மட்டும் அவனுக்காக வைத்திருந்தார்.

முதலில் தீபாவளிக்கு. பிறகு பொங்கலுக்கு.

"யாருப்பா ஆளு?"

"இங்கதான். பக்கத்துல."

"பேரு?"

அந்தப் பக்கம் யோசனை.

"ஜாகீரு."

"நல்லா மிதிப்பாரா?"

"ஒன்னவிட நல்லா மிதிப்பான். நீ எங்க மிதிச்ச? ஸ்டியரிங்ல தலய வச்சுத் தூங்குவ."

அவனுக்குக் கொஞ்சம் வலித்தது. நிம்மதி அதைவிடக் கொஞ்சம் அதிகமாக இருந்தது. வெங்காயத்தைக் கிளறினான்.

"வச்சிடாதடா. ஆரம்பிக்கப்போறோம். கேளு."

போனை ஸ்பீக்கரில் போட்டுத் தரையில் வைக்கும் சத்தம்.

"ஜாகீரு, மிதி!"

அவனுடைய வலது கால் தானாகத் தரையை மிதித்தது. ஹாஸ்டல் தரை ஒன்றும் சொல்லவில்லை.

மன்னார்குடியில் யாரும் மிதிக்கவில்லை.

ஒரு முனகல். சிமெண்ட்டில் சாக்கு இழுபடும் சத்தம். ஒரு முட்டி சொடுக்கியது. ரப்பர் செருப்பு ஒன்று போனைத் தாண்டி, காரைச் சுற்றிக்கொண்டு போனது. கதவு கிரீச்சிட்டது. பெடல் கிரீச்சிட்டது. ஏதோ ஒரு கட்டை டொக்கென்று எதிலோ முட்டுக்கொடுத்து உட்கார்ந்தது.

செருப்பு திரும்பி வந்தது.

சாக்கு. முனகல்.

"அப்படியே புடிச்சுக்க," என்றார் அப்பா. அவருக்கு மூச்சு வாங்கியது.

கட்டை பிடித்துக்கொண்டது.

ஸ்பேனர் திரும்பியது. புஸ்ஸென்று ஒரு சத்தம்.

"வருது பாத்தியா! காத்து வருது!"

"ம்," என்றான்.

"போதும், விடு ஜாகீரு."

மறுபடி சாக்கு. முட்டி. செருப்பு. கதவு.

அவன் அடுப்பை அணைத்தான்.

ஜாக்கிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் ஒருவருக்கு அவசரமாக ஒரு பேர் தேவைப்பட்டால் ஜாகீர்தான் வரும். ஸ்பேனரைப் பார்த்திருந்தால் என்ன பேர் வந்திருக்குமோ.

போன வருஷம்தான் அப்பா முட்டிக்கு ஊசி போட்டுக்கொண்டார்.

வீடியோவைப் போடச் சொல்லலாம். ஜாகீரிடம் போனைக் கொடுக்கச் சொல்லலாம். டிக்கெட் பார்க்கிறேன் என்று சொல்லலாம்.

முதல் இரண்டில் அப்பா மாட்டிக்கொள்வார். மூன்றாவதில் அவன்.

"இன்னும் மூணு வீல் இருக்கு," என்றார் அப்பா, திரும்பி வந்து படுத்தபடி. "ஜாகீரு அசரவே மாட்டேங்கறான். சின்ன வயசு பாரு."

"ஆமாப்பா."

"ஜாகீரு, மிதி!"

செருப்பு கிளம்பியது.

இந்த முறை பாதி வழியில் நின்றது. தகரத்தின் மேல் ஒரு உள்ளங்கை பொத்தென்று ஊன்றியது. பானெட்டாக இருக்க வேண்டும். மூச்சு மட்டும் போய்ப் போய் வந்தது.

அவன் போனைக் காதோடு அழுத்திக்கொண்டான்.

"அப்பா?"

"என்னடா?"

குரல் தூரத்திலிருந்து வந்தது. போனுக்குப் பக்கத்தில் படுத்திருக்க வேண்டிய குரல்.

சொன்ன பிறகுதான் அப்பாவுக்கும் அது உறைத்திருக்க வேண்டும்.

கதவைத் திறந்துகொண்டு யாரோ சமையலறைக்குள் வந்தார்கள். அவன் முகத்தைப் பார்த்துவிட்டு, எதுவும் எடுக்காமல் திரும்பிப் போனார்கள்.

"ஒண்ணுமில்லப்பா," என்றான். "அவரக் கொஞ்சம் உக்காரச் சொல்லுங்க. ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டு மிதிக்கட்டும்."

ரொம்ப நேரம் கழித்து கார் சீட் ஒன்று அமுங்கும் சத்தம் கேட்டது. பிறகு பாட்டில் மூடி திருகும் சத்தம். பிறகு தொண்டையில் தண்ணீர் இறங்கும் சத்தம், அவசரமே இல்லாமல், மடக் மடக்கென்று.

அது முடியும்வரை அவன் காத்திருந்தான்.

"குடிச்சிட்டான்," என்றார் அப்பா.