ஒரே ஒரு இலை

எண்ணெய் வண்ணத்தில் பனி மூடிய ஏரிக்கரையை வரையப் பழகிக்கொண்டிருந்தார் கனகசபை. காலையிலிருந்து கரையோர மரத்துக்கு ஒவ்வோர் இலையாக வைத்து வைத்துச் சின்னத் தூரிகைக்கு இடுப்பே விட்டுப்போயிற்று.

"இந்தப் பனியில இத்தனை இலை யார் கண்ணுக்குத் தெரியும்க்கா?" என்று துடைக்கும் துணியிடம் புலம்பியது.

"எட்டு நாளா இதைத்தானே துடைக்கிறேன்," என்றது துணி.

அன்றும் கனகசபை சலித்துப்போய், காயாத மரத்தைத் துணியால் ஓர் இழுப்பு இழுத்தார். இலைகளெல்லாம் கலங்கிப் புகைபோலப் பரவ, ஏரிமேல் நிஜமாகவே பனி இறங்கிவிட்டது.

"அட, வந்துடுச்சே!" என்று பின்னால் நகர்ந்து நின்று பார்த்தார்.

"அப்பாடா, இனிமே படுக்கலாம்க்கா," என்றது தூரிகை.

கனகசபை தலையைச் சாய்த்துப் பார்த்தார். "ஒரே ஒரு இலை மட்டும்..." என்று தூரிகையை எடுத்தார்.

"நீ போயிட்டு வா," என்றது துணி. "நான் இங்கேயே இருக்கேன்."