தனித்தனிக் கவரில்

“கையில குடுத்தா வாங்க மாட்டேங்க சார். தபால்ல அனுப்புங்க.”

தீர்த்தன் இதைச் சொல்லிவிட்டு, களத்தில் காயப்போட்டிருந்த சாமையைக் காலால் துழாவத் தொடங்கினார். எதிரே கயிற்றுக் கட்டிலில், மடியில் காகிதக் கட்டோடு கிருஷ்ணப்பன் உட்கார்ந்திருந்தார். அரூரிலிருந்து மலைப் பேருந்தில் ஒன்றரை மணி நேரம் குலுங்கி வந்த வயிறு இன்னும் அடங்கவில்லை.

கிராமங்களுக்கு இணையம் கொண்டுபோகும் திட்டத்துக்கு மாவட்டத்தில் அவர்தான் அதிகாரி. தகவல் உரிமைச் சட்டத்தில் வரும் மனுக்களுக்குப் பதில் சொல்ல வேண்டியவரும் அவரே. இந்தப் பதவிக்கு வந்த மூன்று வருஷத்தில் சித்தேரி மலை ஏறியது இதுதான் முதல் தடவை. ஏற வைத்த புண்ணியவான் தீர்த்தன். ஒரே நாளில் பதினோரு மனு! குழி தோண்ட என்ன செலவு என்று ஒரு மனு. கேபிளுக்கு என்ன செலவு என்று இன்னொன்று. பஞ்சாயத்து ஆபீசில் மாட்டிய இணையப் பெட்டிக்கு ஒன்று, அந்தப் பெட்டியின் பூட்டுக்குத் தனியாக ஒன்று. திறப்பு விழா மாலையைக்கூட மனுஷன் விட்டுவைக்கவில்லை.

நாளையோடு முப்பது நாள் கெடு முடிகிறது. தவறினால் மனுவுக்கு ஒரு அபராதம், ஒரு விசாரணை. மாதக் கடைசியில் கிருஷ்ணப்பனுக்கு ஓய்வு. பென்ஷன் கோப்பு நகர வேண்டிய நேரத்தில் பதினோரு விசாரணை என்றால், வெண்ணெய் திரளும்போது தாழி உடைந்த கதைதான்.

“தம்பி,” என்று குரலில் தேன் தடவினார். “நீங்க கேட்டது ஒண்ணு விடாம இதுல இருக்குது. படிச்சுப் பாத்துட்டு, திருப்தின்னு ஒரு வரி எழுதிக் குடுத்துடுங்க. நான் நாலு மணி பஸ்ஸைப் புடிச்சுடறேன்.”

“தபால்ல வரட்டுங்க.”

“நானே தபால்காரன் மாதிரி வூடு தேடி வந்து நிக்கறேனே!”

“நீங்க பெரிய ஆபீசருங்க. அப்படியெல்லாம் சொல்லலாமா?”

“சரி, நாளைக்குக் காத்தால மொத்தத்தையும் ஒரே பார்சலா அனுப்பிடறேன். போதுமா?”

“மொத்தமா வேண்டாங்க. மனு பதினொண்ணு, பதிலும் பதினொண்ணு. தனித்தனிக் கவர்ல, ரிஜிஸ்டர் தபால்ல வரணும்.”

கிருஷ்ணப்பன் மனசுக்குள் கணக்குப் போட்டார். தனித்தனிப் பதில் என்றால் தனித்தனி மேல்முறையீடு. ஆள் பார்க்கத்தான் வெள்ளந்தி, பின்னால் எவனோ எமகாதக வக்கீல் இருக்கிறான் என்று முடிவு கட்டினார்.

“யாரு தம்பி உங்களைத் தூண்டி விடறது? வக்கீலா, கட்சிக்காரங்களா?”

“ஒருத்தரும் இல்லீங்க.”

“அந்தப் பெட்டி வேலை செய்யலைன்னு கோவமா?”

“அது மாட்டின நாள்லருந்தே வேலை செய்யலைங்க. உள்ள குளவி கூடு கட்டியிருக்குது. அது பாட்டுக்கு இருக்குது, அதுமேல என்னங்க கோவம்?”

“பின்னே உங்களுக்கு என்னதான் வேணும்?”

“பதினோரு தபால்.”

இந்த ஆளோடு பேசுவதற்கு அந்தக் குளவியோடு பேசலாம் என்று தோன்றியது கிருஷ்ணப்பனுக்கு. தீர்த்தனுக்கே பாவமாகிவிட்டதோ என்னவோ, பக்கத்தில் வந்து நின்றார்.

“தபால் வந்து சேரட்டும் சார். திருப்தின்னு பதினோரு தடவை எழுதித் தரேன். சாமி சத்தியம். நாளைக்கு எதுக்கு? இங்கியே தபால் ஆபீஸ் இருக்குது, இப்பவே போட்டுட்டுப் போங்க.”

சொன்ன கையோடு உள்ளே போய்ப் பதினோரு உறைகளைக் கொண்டுவந்தார். எல்லாம் மஞ்சள் தடவிய மொய்க் கவர்கள். ஒவ்வொன்றிலும் ‘மணமக்கள் வாழ்க’ என்ற அச்சுக்குக் கீழே தீர்த்தனின் விலாசம் தயாராக எழுதியிருந்தது.

“கடையில இதுதாங்க இருந்துச்சு.”

அரசாங்கப் பதில்களை மடித்து மடித்து மொய்க் கவருக்குள் திணித்துக்கொண்டு கிருஷ்ணப்பன் தபால் ஆபீசுக்கு நடந்தார். ஒரே அறை, ஒரே மேஜை. கிளைத் தபால் அதிகாரி சுமலதா, நிஜமாகவே மொய் வந்ததுபோல் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

“ஏம்மா, அனுப்பறவன் இங்க நிக்கறேன். வாங்கறவர் அதோ களத்துல நிக்கறார். இது மலையிறங்கி, அரூர் போயி, மறுபடி மலையேறி உன்கிட்டியேதானே வரும்?”

“ஆமாங்க சார்! போறப்ப பதினொண்ணு, வர்றப்ப பதினொண்ணு. ஆக இருவத்திரண்டுங்க!”

“எதுக்கும்மா இந்தக் கூத்து?”

அவள் சிரிப்பு நின்றது. “இந்த மாசத்துக்குள்ள நூறு தபால் சேரலைன்னா ஆபீசை மூடிடுவாங்க சார். அப்புறம் முதியோர் பென்ஷன் வாங்கற பெருசுங்க எல்லாம் அரூருக்குப் பஸ் ஏறணும். போன மழையில ரோடு சரிஞ்சு நாலு நாளு பஸ்ஸே இல்லீங்க. அதான் தீர்த்தண்ணன் மனுப் போட ஆரம்பிச்சாரு.”

பென்ஷனுக்குக் காத்திருப்பவன் பாடு கிருஷ்ணப்பனுக்குத் தெரியாதா? அந்தப் பேருந்தில் ஒரு கிழவி குலுங்கிப் போவதை நினைத்தபோது நிஜமாகவே மனசு கேட்கவில்லை. கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

“அநியாயமா இருக்குதே! இந்த ஆபீஸ் வேண்டாம்னு எந்த மடையன் சொன்னான்?”

சுமலதா சுவரில் ஒட்டியிருந்த உத்தரவைக் காட்டினாள். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார்: ‘இவ்வூரில் இணையம் அதிவேகமாக இயங்குவதாக உரிய அதிகாரி நேரில் ஆய்வு செய்து சான்றளித்திருப்பதால், தபால் நிலையம் இனி அவசியமில்லை எனக் கருதப்படுகிறது.’

கூடவே ஒட்டியிருந்த சான்றிதழின் அடியில், பச்சை மையில், சுழித்துச் சுழித்து அழகாக இருந்தது கிருஷ்ணப்பனின் கையெழுத்து.